காவிரிக் கரையில் ஆங்கிலக் கல்வி: திருச்சிராப்பள்ளியின் பழைய வித்தியாசாலைகளும் அவற்றின் மாணாக்கரும்

திருச்சிராப்பள்ளியின் பழைய ஆங்கிலப் பள்ளிகளைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் அந்தந்த ஸ்தாபனத்தின் ஆண்டு விழா மலர்களில் எழுதப்பெற்றவை. ஆதலின், ஒவ்வொரு பள்ளியும் பிறவற்றோடு தொடர்பின்றித் தனித்து வளர்ந்தது போலவும், அதிற் பயின்று பிரசித்தி பெற்றோர் யாவரும் அப்பள்ளி ஒன்றினாலேயே ஆக்கப்பெற்றவர் போலவும் ஒரு தோற்றம் நிலைபெற்றுவிட்டது. மலைக்கோட்டையின் அடிவாரத்திலும் கண்டோன்மெண்டிலும் தோன்றிய இப்பள்ளிகளை ஒருசேர வைத்து நோக்குமிடத்து, அவற்றை நிறுவியோர் எண்ணிய பயன் ஒன்றாகவும், மாணாக்கர் அவற்றிலிருந்து கொண்ட பயன் வேறாகவும் இருந்தமை புலனாகும். அவ்வேறுபாட்டிற்குரிய காரணத்தை, பள்ளிக்கு வருமுன்னரே அம்மாணாக்கர் தம் இல்லங்களிற் பெற்றிருந்த கல்வியிலே தேடுதல் வேண்டும் என்பது என் கருத்து.

இச்சரித்திரம் யுத்தத்தின் விளைவாகத் தொடங்குகின்றது. 1751 முதல் 1754 வரை நிகழ்ந்த கர்நாடகப் போரிற் பெரும் முற்றுகைகளைக் கண்ட திருச்சிக் கோட்டையில், நவாப் முகம்மது அலியின் சார்பில் ஆங்கிலப் படை நிலையாகத் தங்கியது. பிரஷ்ய நாட்டிற் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றுத் தேர்ந்திருந்த கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் என்னும் லூதரன் பாதிரியார் 1762இல் இக்கோட்டைக்கு வந்தார். அடுத்த ஆண்டு வெடிமருந்துக் கிடங்கொன்று தீப்பற்றி வெடித்ததிற் சிப்பாய்கள் பலர் மாண்டனர். அநாதைகளாய் நின்ற அவர்களுடைய குழந்தைகளுக்காக அவர் ஒரு பள்ளியை ஏற்படுத்தினார். இன்று புனித ஜான் வெஸ்ட்ரி பள்ளி என வழங்குவது 1763ஆம் ஆண்டின் அவ்வேற்பாட்டையே தன் தோற்றமாகக் கொள்வது. உத்தியோகம் தருவதோ உயர்குடிச் சிறுவரை உருவாக்குவதோ அப்பள்ளியின் நோக்கமன்று. சோறும் துணியும் எழுத்தறிவும் இல்லாத பிள்ளைகளுக்கு அவை மூன்றையும் தருவதே அன்றைய தேவையாயிருந்தது. இந்தத் தொடக்கத்தை மறந்துவிட்டு இப்பள்ளிகளின் பெருமையைப் பேசுவது நியாயமாகாது.

சுவார்ட்ஸ் 1778இல் தஞ்சாவூரைத் தம் இருப்பிடமாகக் கொண்ட பின்னர், ஆங்கிலேய ரெஸிடெண்டாயிருந்த ஜான் சல்லிவனுடைய யோசனைப்படி, தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் உள்நாட்டுச் சிறுவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் தோன்றின. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் சபை 1787இல் அவை ஒவ்வொன்றிற்கும் ஆண்டொன்றுக்கு 250 வராகன் மானியம் அனுமதித்தது. கோட்டையின் அநாதைப் பள்ளிக்கும் இப்பள்ளிகளுக்கும் இடையே பெரிய பேதம் உண்டு. முன்னது தரும காரியம். பின்னவை கம்பெனிக்கும் சமஸ்தானங்களுக்கும் நடுவே நின்று பேச வல்லவரை ஆக்குவதற்கு எழுந்தவை. ஆங்கிலக் கல்வி ராஜாங்க காரியத்தோடு பிணைப்புண்ட தருணம் இதுவே.

அப்பிணைப்பு இறுகுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆங்கிலம் கற்றோர்க்கே அரசாங்க உத்தியோகங்களில் முதலிடம் என்று ஹார்டிஞ்ஜ் பிரபு 1844இல் அறிவித்தார். தனியார் பள்ளிகளுக்கு உதவிப்பணம் அளிக்கும் முறையை 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை வகுத்தது. சென்னைச் சர்வகலாசாலை 1857இல் நிறுவப்பெற்றது. ஆயினும் இதே காலத்தில் திருச்சிராப்பள்ளியிலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம் இல்லத்தில் ஊதியம் கருதாது தமிழ் இலக்கண இலக்கியங்களைப் போதித்து வந்தார் என்பதையும் நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826இற் பிறந்த வேதநாயகம் பிள்ளை, ஆங்கிலத்தையும் தமிழையும் ஓர் அறிஞரிடம் தனியே கற்று, திருச்சி நீதிமன்றத்தில் பதிவேட்டுக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் அமர்ந்து, மகாவித்துவானோடு நட்புப் பூண்டவர். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அவரால் வெளிவந்தது. பெரிய கலாசாலை எதனுடைய பட்டமும் இன்றி இது நிகழ்ந்தது. திண்ணையிற் பெற்ற தமிழும் கச்சேரியிற் பயன்பட்ட ஆங்கிலமும் ஒருவரிடத்தே கூடியதன் விளைவு அது.

கோட்டையில் சுவார்ட்ஸ் விட்டுச் சென்ற கல்விப்பணி காலப்போக்கில் எஸ்.பி.ஜி. என்னும் ஆங்கிலிக்கன் மிஷன் சபையாரின் வசமாகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெப்பக்குளத்தருகே கல்லூரியாக வளர்ந்தது. கல்கத்தா அத்தியட்சராயிருந்த ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 3ஆந் தேதி காலையிற் கோட்டைத் தேவாலயத்திலே தமிழ்க் கிறிஸ்தவர்க்கு ஆராதனை நடத்திப் பள்ளியையும் பார்வையிட்டுத் திரும்பியவர், நீராடும்போது குளத்தில் உயிர் நீத்தார். அவரது சமாதி புனித ஜான் தேவாலயத்தில் உள்ளது. அம்மரணத்தின் நூற்றாண்டாகிய 1926இல் எஸ்.பி.ஜி. கல்லூரி பிஷப் ஹீபர் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. இக்கல்லூரிக்கு இரண்டு தசாப்தங்களுக்கு மேலாகத் தமிழாசிரியராயிருந்து பெருமை சேர்த்தவர் ந. மு. வேங்கடசாமி நாட்டார். ஆங்கிலப் பள்ளி எதிலும் பயிலாமல், சொந்த முயற்சியாலேயே பண்டிதப் பரீட்சைகளில் முதன்மை பெற்ற ஒரு வேளாண் குடி மகனை, ஐரோப்பியப் பாதிரிமார் நடத்திய கல்லூரி தன் தமிழ்ப் பீடத்தில் அமர்த்திக்கொண்டது மிகவும் போற்றத்தக்க செயலாகும். கல்லூரி 1934இல் மூடப்பெற்றுச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியோடு இணைந்தது. அக்கிறிஸ்தவக் கல்லூரியின் தாம்பரம் வளாகத்தில் ஹீபரின் பெயர் ஒரு மாணவர் விடுதிக்குரியதாக எஞ்சியது. புத்தூரில் 1966இல் கல்லூரி மீண்டும் தோன்றும்வரை, திருச்சியில் அப்பெயரைத் தாங்கி நின்றது பள்ளியே.

புனித சூசையப்பர் கல்லூரியின் வரலாறு நாகப்பட்டினத்தில் தொடங்குவது. இயேசு சபையின் பிரெஞ்சுத் துறவிகள், ஹார்டிஞ்ஜ் பிரபுவின் அறிவிப்பு வெளிவந்த அதே 1844ஆம் ஆண்டில் அங்கு அதனை நிறுவி, 1883இல் திருச்சிக்குக் கொணர்ந்தனர். தெப்பக்குளத்தை அடுத்த அந்த வளாகத்திற்கு, கர்நாடகப் போர்க்காலத்து நினைவாக, கிளைவின் பெயரால் வழங்கும் இல்லமும் மாணவர் விடுதியாய் அமைந்தது. இக்கல்லூரியின் தலைவராயிருந்த பெர்ட்ரம் பாதிரியாரே பின்னர் 1925இற் சென்னையில் லயோலா கல்லூரியைத் தோற்றுவித்தவர்.

வரகனேரியில் 1881இற் பிறந்த வ. வே. சு. ஐயர், வைதிகக் குடும்பத்துச் சிறுவராயிருந்தும், இங்கே சரித்திரத்தோடு லத்தீன் மொழியையும் பாடமாகக் கொண்டு பி.ஏ. பட்டம் பெற்றார். அவருக்கு லத்தீன் கற்பித்த துறவிகள் அவரிடம் எதிர்பார்த்தது யாதாயினும், லண்டனில் புரட்சிவாதியாகி, புதுச்சேரியில் வாழ்ந்து, 1916இல் திருக்குறளை ஆங்கிலத்திற் பெயர்த்து, கம்பனை உலகக் காவியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த ஒரு மனிதரை அன்று எதிர்பார்த்திருக்க முடியாது. இளமையில் தாம் பெற்ற ஐரோப்பியக் காவியப் பயிற்சியைத் தமிழின் பெருமையை அளக்கும் கருவியாக அவர் மாற்றிக்கொண்டார். ஆனால் கல்வி நிலையம் ஒன்றைத் தாமே நடத்த முற்பட்டபோது, சேரன்மாதேவிக் குருகுலத்திற் பிராமணச் சிறுவர் இருவர் தனியே உண்ண இடங்கொடுத்ததால் பெரும் பூசல் விளைந்து, 1925இல் அவர் பொறுப்பினின்று விலக நேர்ந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய கண்டனம் நியாயமானதே. கற்ற லத்தீனும் கம்பனும் பந்தியின் பேதத்தை அவரிடமிருந்து முற்றும் அகற்றவில்லை என்பதை, அவர்பால் மிக்க மதிப்புடைய நான் வருத்தத்தோடு எழுதுகின்றேன்.

தேசியப் பள்ளியும் 1919இல் எழுந்த தேசியக் கல்லூரியும், மிஷன் ஸ்தாபனங்களுக்கு ஈடாக உள்ளூரார் நாட்டியவை. அப்பள்ளியில் இறுதி வகுப்புப் பயின்ற கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, மகாத்மாவின் அழைப்பை ஏற்று 1921இற் படிப்பைத் துறந்து சிறை சென்றார். குடியரசுத் தலைவராய் விளங்கிய ஆர். வெங்கட்ராமன் அக்கல்லூரியின் மாணவர்.

விஞ்ஞானத் துறையிலோ இல்லத்தின் பங்கு இன்னும் தெளிவாகத் தோன்றும். திருவானைக்காவில் 1888இற் பிறந்த ஸர் சி. வி. இராமனின் தந்தை சந்திரசேகர ஐயர், 1892இல் விசாகப்பட்டினம் செல்லுமுன் திருச்சியில் ஆசிரியராயிருந்தவர். தாயின் தந்தையாகிய சப்தரிஷி சாஸ்திரிகளோ நவ்ய நியாய சாஸ்திரம் கற்பதற்காக வங்காளம் வரை நடந்தே சென்றவர் என்று இராமனின் சரித்திரம் எழுதினோர் குறிப்பர். பௌதிகமும் தர்க்கமும் ஒரு குடும்பத்திலேயே சந்தித்தன. சூசையப்பர் கல்லூரியில் 1942இற் பௌதிகப் பட்டம் பெற்று, பின்னர்க் கொல்லாஜன் என்னும் புரதத்தின் முப்புரி வடிவத்தைக் கண்டறிந்த ஜி. என். ராமச்சந்திரனும் கணித ஆசிரியர் ஒருவரின் மகனே. இராமேசுவரத்து ஏ. பி. ஜே. அப்துல் கலாம், சுவார்ட்ஸின் பெயர் தாங்கிய இராமநாதபுரம் பள்ளியிற் பயின்று, 1950இல் சூசையப்பர் கல்லூரிக்கு வந்தார். புராட்டஸ்டண்டுப் பாதிரியாரின் பெயர் கொண்ட பள்ளியிலிருந்து கத்தோலிக்கத் துறவிகளின் கல்லூரிக்கு வந்த இஸ்லாமிய மாணவர், அங்கே தொதாத்ரி ஐயங்காரிடம் கற்ற கணிதத்தைப் பின்னாளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

அதே காலத்தில் அதே பௌதிக வகுப்புக்கு, காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவர் எஸ். ரங்கராஜன் என்னும் சுஜாதா. பாட்டியின் வளர்ப்பில் உத்தர, சித்திரை வீதிகளின் சூழலில் வளர்ந்து, ஸ்ரீரங்கம் பள்ளியிற் படித்தவர் அவர். அவ்வூரிலேயே வளர்ந்த கவிஞர் வாலி இளமையிற் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியதை நோக்கினால், கோயிலைச் சூழ்ந்த வீதிகளிற் பிள்ளைகளுக்கு எழுத்தின்மேல் இருந்த பற்று விளங்கும். பாசுரத்தை நாள்தோறும் செவியுற்ற சிறுவனுக்கு யாப்பு தனியே கற்க வேண்டுவதொன்றன்று. சுஜாதா பெங்களூரிற் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கத்திற் பங்குகொண்டார். கணிப்பொறியைத் தமிழில் எளிமையாக விளக்கினார். ஆழ்வார்களை அறிமுகப்படுத்தும் நூலொன்றையும் எழுதினார். முன்னிரண்டிற்கும் வேண்டிய பௌதிகத்தை அவர் தெப்பக்குளத்தருகே கற்றார். மூன்றாவதற்கு வேண்டியது கொள்ளிடத்திற்கும் காவிரிக்கும் இடையே, அவர் ஆங்கில எழுத்தை அறியுமுன்னரே அவருக்குக் கிடைத்திருந்தது.