1968: பி டீம் சம்பியனான வருடம்

கொஞ்சம் நீண்ட பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும் நேரம் வாசியுங்கள்.

போன வாரம் ஊரில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் கூட்டம். கழகத்தின் பெயர் வேண்டாம். கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் ஒருவர் எழும்பிக் கேட்டார்: "பி டீமுக்கு எதுக்கு இவ்வளவு செலவு? வெல்லவும் மாட்டானுகள், பார்க்க ஆளும் வாறதில்ல. அந்தக் காசுக்கு வெளியூரிலிருந்து நல்ல பிளேயர் ரெண்டு பேரை எடுக்கலாமே."

பலர் தலையாட்டினார்கள். கதவோரம் நின்ற என் ஆண்டு 10 மாணவன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பி டீம்.

அந்த நேரம் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் முன்பு படித்த ஒரு வரலாறு ஞாபகத்துக்கு வந்தது. அது கிரிக்கெட் இல்லை, உதைபந்தாட்டமும் இல்லை. நம்மில் அதிகம் பேர் கேள்விப்படாத ஸ்பீட்வே என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம். பிரித்தானியாவில் 1968இல் நடந்தது.

முதலில் அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட மைதானத்தில் 400 மீற்றர் ஓட்டத்துக்குக் கோடு போடுவோமே, கிட்டத்தட்ட அந்த அளவில் ஒரு நீள்வட்டப் பாதை. சில இடங்களில் அதைவிடச் சிறியது. தார் கிடையாது, உதிர்ந்த கல்மண். நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புவார்கள். 500 சிசி எஞ்சின். பெற்றோல் இல்லை, மெதனோல். ஒரே ஒரு கியர். பிரேக் அறவே கிடையாது.

பிரேக் இல்லாமல் வளைவில் எப்படித் திரும்புவது? பின்சக்கரத்தை வேண்டுமென்றே வெளிப்பக்கம் வழுக்க விடுவார்கள். இடது சப்பாத்துக்கு அடியில் இரும்புத் தகடு கட்டி, அந்தக் காலை மண்ணில் தேய்த்தபடி சரிந்து போவார்கள். ஒரு பந்தயம் ஒரு நிமிடத்தைச் சுற்றி முடிந்துவிடும். (மாணவர்களே, இது மூடிய மைதானத்தில், பயிற்சி எடுத்தவர்கள் செய்வது. நமது பிரதான வீதியில் செய்து காட்ட வேண்டாம்.)

இது குழு விளையாட்டும்கூட. ஒவ்வொரு பந்தயத்திலும் இந்த அணியில் இருவர், அந்த அணியில் இருவர். முதலாவதாக வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசிக்குப் பூச்சியம். அன்றைய முறையில் ஓர் அணிக்கு ஏழு பேர், ஒரு போட்டிக்கு 13 பந்தயம். மொத்தம் 78 புள்ளி. 39க்கு மேலே போனால் வெற்றி. இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். பெரிய ஸ்டார் ஒருவர் தன் பந்தயம் எல்லாவற்றையும் வென்றாலும் அவரால் மட்டும் 39ஐத் தாண்ட முடியாது. யாரும் பேர் தெரியாத ஏழாம் நம்பர் பையன் மூன்றாவதாக வந்து எடுக்கும் அந்த ஒரு புள்ளியில் போட்டியே மாறிவிடும்.

இனி வரலாறு.

இந்த விளையாட்டின் தகப்பன் என்று பலரும் சொல்வது ஜொனி ஹொஸ்கின்ஸ் என்ற நியூசிலாந்துக்காரரை. அவுஸ்திரேலியாவின் மெயிட்லண்ட் ஊரில் விவசாயக் கண்காட்சியைப் பொறுப்பாக நடத்தியவர். 1923 டிசம்பரில் கூட்டம் சேர்ப்பதற்காக, இரவில் மின்விளக்கு போட்டு மோட்டார் சைக்கிள் ஓட விட்டார். 1928 பெப்ரவரியில் லண்டனுக்கு வெளியே ஹை பீச் என்ற இடத்தில் நடந்த பந்தயத்துக்கு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு சனம் வந்தது. அதோடு பிரித்தானியா முழுவதும் பரவிவிட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அதற்குப் பொற்காலம். முதலாம் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று லீக்குகள் இருந்தன. பிறகு சரிவு. கேளிக்கை வரி ஒரு பக்கம், வீட்டுக்கு வீடு வந்த தொலைக்காட்சி இன்னொரு பக்கம். 1951க்குப் பிறகு மூன்றாம் பிரிவு இல்லை. 1956க்குப் பிறகு இரண்டாம் பிரிவும் இல்லை. எஞ்சியிருந்த அணிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே லீக் ஆக்கினார்கள்.

கீழ்ப்படியை வெட்டினால் மேல்மாடி பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் போல. 1964இல் அந்தப் பெரிய லீக்கில் மிஞ்சியது ஏழே ஏழு அணிகள்.

இதற்கிடையில் 1960இல் சில சிற்றூர்க்காரர்கள் சேர்ந்து மாகாண லீக் என்று தனியாக ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். பழைய மைதானங்களைத் திருத்தி, மலிவு டிக்கெட்டில், புதிய பையன்களையும் ஒதுக்கிவைத்த பழைய ஆட்களையும் வைத்து நடத்தினார்கள். அது ஓடியது. 1964இல் நிர்வாகம் அங்கிருந்த வுல்வஹம்டன் அணியை மேலே வரும்படி கட்டாயப்படுத்த, அவர்கள் மறுக்க, பெரிய சண்டை. அந்த வருடம் மாகாண லீக் முழுவதுமே அனுமதிப்பத்திரம் இல்லாமல்தான் நடந்தது. அதில் ஓடியவர்களுக்கு உலகப் போட்டியில் இடமில்லை என்றார்கள். கடைசியில் ஷோக்ரொஸ் பிரபு தலைமையில் விசாரணை. இரண்டு பக்கமும் சமாதானமாகி, 1965இல் 18 அணிகளோடு பிரிட்டிஷ் லீக் பிறந்தது.

ஆனால் அதே பழைய பிழை திரும்ப வந்தது. எல்லோரும் ஒரே லீக்கில். உலக சம்பியனும் அங்கேதான், நேற்றுப் பழகத் தொடங்கியவனும் அங்கேதான். புதிய பையனுக்குக் கிடைத்தது பிரதான போட்டி முடிந்தபிறகு ஓட விடும் ஒன்றிரண்டு பந்தயம் மட்டும். அதில் எவன் பழகுவான்?

அதனால்தான் 1968இல் இரண்டாம் பிரிவைத் திரும்பத் தொடங்கினார்கள். பத்து அணிகள்: பெல் வியூ கோல்ட்ஸ், பெரிக், கான்டபரி, கிரேஃபோர்ட், மிடில்ஸ்பரோ, நெல்சன், பிளிமத், ரேலி, ரெடிங், வேமத். ஒவ்வொரு அணியையும் சொந்த மைதானத்தில் ஒரு தடவை, அவர்களின் மைதானத்தில் ஒரு தடவை சந்திக்க வேண்டும். ஆளுக்கு 18 போட்டி.

இந்தப் பெயர்களில் சிலதைச் சும்மா கடந்துபோக மனமில்லை.

பெரிக், ஸ்கொட்லாந்து எல்லையில் உள்ள சின்னக் கடற்கரை ஊர். ஊர் இங்கிலாந்தில், அவர்களின் உதைபந்தாட்டக் கழகம் விளையாடுவது ஸ்கொட்லாந்து லீக்கில்! அந்த உதைபந்தாட்ட மைதானத்தைச் சுற்றித்தான் ஸ்பீட்வே பாதையைப் போட்டார்கள்.

நெல்சன், லங்காஷயரின் பஞ்சாலை ஊர். கிரிக்கெட் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். மேற்கிந்தியத் தீவுகளின் லியாரி கொன்ஸ்டன்டைன் 1929 முதல் ஒன்பது பருவம் விளையாடியது அந்த ஊருக்குத்தான், சீட்ஹில் மைதானத்தில். அதே சீட்ஹில்லில் இருந்த உதைபந்தாட்ட மைதானத்தில்தான் மோட்டார் சைக்கிளும் ஓடியது. இன்று அந்த மைதானத்தின் மேல் நெடுஞ்சாலை போகிறது.

அடுத்தது கான்டபரி. அங்கே அணியைத் தொடங்கி நடத்தியது யார் தெரியுமா? 1923இல் மெயிட்லண்டில் விளக்குப் போட்ட அதே ஜொனி ஹொஸ்கின்ஸ்! 1892இல் பிறந்தவர், அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்த விளையாட்டில் அவர் காணாத பெரிய மேடை இல்லை. இருந்தும் அந்த வயதில் இரண்டாம் பிரிவுக்கு வந்து, பழகும் பையன்களை வைத்து முதலிலிருந்து தொடங்கினார். அந்த வருடத்து நொக்அவுட் கிண்ணம் கான்டபரிக்குத்தான்.

தனிநபர் சம்பியன் பட்டத்தை லண்டன் ஹக்னியில் மிடில்ஸ்பரோவின் கிரஹம் பிளான்ட் வென்றார்.

லீக் கிண்ணம்? பெல் வியூ கோல்ட்ஸ்.

பெல் வியூ என்பது அன்று மன்செஸ்டரில் மிருகக்காட்சிசாலையும் கேளிக்கைப் பூங்காவும் சேர்ந்த பெரிய இடமாக இருந்தது. அங்கே இருந்த ஏசஸ் அணி முதலாம் பிரிவின் மிகப் பழைய, பேர் பெற்ற அணிகளில் ஒன்று. கோல்ட் என்றால் குதிரைக்குட்டி. ஏசஸின் குட்டிகள், அதாவது பி டீம். முகாமையாளர் டென்ட் ஒலிவர், அவரும் ஒரு காலத்தில் பெல் வியூவுக்கு ஓடியவர். பெரியவர்கள் ஓடும் அதே பாதை. மற்ற ஒன்பது அணிகளும் அந்தந்த ஊரின் முதல் அணி. இது ஒன்றுதான் பெரிய கழகமொன்றின் இரண்டாவது அணி. அந்த பி டீம் 1968இல் சம்பியன். 1969இல் திரும்பவும் சம்பியன்.

ஒரு கிண்ணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

பெல் வியூவின் பீட்டர் கிரேவன் 1955இலும் 1962இலும் உலக சம்பியனானவர். 1963 செப்டெம்பரில் எடின்பரோவில், முன்னால் விழுந்த வீரரை மோதாமல் விலகப் போய்த் தானே விபத்துக்குள்ளாகி, சில நாட்களில் இறந்துபோனார். வயது 29. அவருக்குப் பிறகு சுவீடன், நியூசிலாந்து, டென்மார்க், போலந்து என்று எல்லோரும் பட்டத்தை எடுத்தார்கள். இங்கிலாந்துக்காரன் ஒருவன் இல்லை.

கோல்ட்ஸ் அணி 1970இல் பக்கத்து ரொச்டேல் ஊருக்கு மாறியது. 1971இல் அங்கே ஒரு பதினேழு வயதுப் பையன் ஓடத் தொடங்கினான். பெயர் பீட்டர் கொலின்ஸ். அங்கே பழகி ஏசஸுக்குப் போனான். 1976இல் போலந்தின் சோர்சோவ் மைதானத்தில் உலக சம்பியன். கிரேவனுக்குப் பிறகு 14 வருடம் கழித்து முதல் இங்கிலாந்துக்காரன், அதே பெல் வியூவிலிருந்து. அன்று மூன்றாமிடம் வந்த அவுஸ்திரேலியாவின் பில் கிரம்ப்பும் 1972இல் இரண்டாம் பிரிவில் குரூ அணிக்கு ஓடி, அந்தப் பிரிவின் தனிநபர் பட்டத்தை வென்றவர்தான்.

வீரர்கள் மட்டுமா? 1969இல் இரண்டாம் பிரிவு 10 அணியிலிருந்து 16 ஆனது. அப்போது புதிதாக வந்த அணிகளில் ஒன்று இப்ஸ்விச். 1972இல் முதலாம் பிரிவுக்குப் போனது. 1975, 1976 இரண்டு வருடமும் முதலாம் பிரிவுச் சம்பியன்.

இன்னொருவர் கதையும் இருக்கிறது. நியூசிலாந்தின் ஐவன் மோகர். 1950களின் கடைசியில் விம்பிள்டன் அணிக்கு வந்து, அங்கே இடம் பிடிக்க முடியாமல் ஊருக்குத் திரும்பிப் போனவர். 1963இல் திரும்ப வந்தபோது அவருக்கு இடம் கொடுத்தது பெரிய லீக் இல்லை, நான் மேலே சொன்ன மாகாண லீக்கில் இருந்த நியூகாசில். அங்கிருந்து ஏறினார். 1968இல், கோல்ட்ஸ் கிண்ணம் வென்ற அதே வருடத்தில், உலக சம்பியன். மொத்தம் ஆறு தடவை வென்றார். அந்தக் கீழ்ப்படி இல்லாவிட்டால் அவர் விம்பிள்டன் வேண்டாமென்ற பையனாகவே போயிருப்பார்.

எல்லாம் இனிப்பான கதை என்று சொல்ல வரவில்லை. வேமத் அணி ஒரே ஒரு பருவத்தோடு இரண்டாம் பிரிவிலிருந்து போய்விட்டது. நெல்சன் 1970இல் முடிந்தது. பையன்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை. சைக்கிள் சொந்தச் செலவு. ஓடினால் காசு, புள்ளி எடுத்தால் காசு, விழுந்து கை முறிந்தால் ஒன்றும் இல்லை. வளர்த்துவிட்ட சிற்றூர் கொட்டகைக்குள் நிற்க, கைதட்டல் பெரிய ஊருக்குப் போனதும் உண்மை. பி டீம் நடத்துவது என்றால் இதுதான். செலவு இந்த வருடம், பலன் எட்டு வருடம் கழித்து. அதுவும் நமக்கே வரும் என்று நிச்சயமில்லை.

அதனால்தான் கணக்கறிக்கையில் அது எப்போதும் வீண்செலவாகவே தெரிகிறது.

ஆசிரியர் கலாசாலையில் நானும் கரப்பந்தாட்ட பி டீம்தான். ஒரு கிண்ணமும் வெல்லவில்லை. ஆனால் பிந்திப் பழகுகிறவனுக்கும் ஓரிடம் வேண்டும் என்று அங்கேதான் விளங்கியது. இன்று வகுப்பில் பின்வாங்கு மாணவனிடம் நான் காட்டும் கொஞ்சப் பொறுமைக்கும் அதுதான் காரணம்.

வெளியூரிலிருந்து நல்ல பிளேயர் ரெண்டு பேரை எடுக்கலாம். இந்தப் பருவம் வெல்லவும் கூடும். அடுத்த பருவம் அவர்கள் வேறு கழகத்தில். அப்போது நம்மிடம் என்ன இருக்கும்? பிரித்தானியாவின் பெரிய லீக் ஏழு அணியாகச் சுருங்கி நின்ற 1964ஐ ஒருக்கா நினைத்துப் பாருங்கள்.

அடுத்த கூட்டம் மாத முடிவில். இந்தக் கேள்விக்கு நான் எழும்பிப் பதில் சொல்வேன், இன்ஷா அல்லாஹ். உங்களில் யார் யார் ஒரு காலத்தில் பி டீமில் ஆடினீர்கள்? கீழே சொல்லுங்கள். அந்தப் பையனிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.