ஒரே டீம், ஒரே ஜெர்சி: அது விசுவாசமா, வேற வழி இல்லாததா?

இன்னிக்கு ஹிஸ்டரி எபிசோடுதான், ஆனா ராஜா, போர் எதுவும் கிடையாது. பாஸ்கெட்பால். என்பிஏ பார்க்காதவங்களும் தைரியமா கேளுங்க, ரூல்ஸ் எதுவும் தெரிய வேண்டாம்.

அமெரிக்காவில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி ஆடும் அரங்கத்துக்கு வெளியே ஒரு வெள்ளைச் சிலை இருக்கிறது. ஒற்றைக் காலைத் தூக்கி, பின்னால் சாய்ந்தபடி பந்தை எறியும் ஒரு மனிதர். டர்க் நோவிட்ஸ்கி. ஜெர்மனியில் இருந்து வந்தவர். 1998ல் தொடங்கி 2019 வரை, 21 சீசன், ஒரே அணி. என்பிஏ வரலாற்றில் ஒரே அணிக்கு இத்தனை சீசன் ஆடியவர் வேறு யாரும் இல்லை. சிலையின் அடியில் விசுவாசம் என்றைக்கும் மங்காது என்கிற மாதிரி ஒரு வரி ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவருடைய அந்தப் பின்சாய்ந்த ஷாட்டுக்குப் பேரே ‘ஃபேடவே’. அதை வைத்து ஒரு சிலேடை.

2025 பிப்ரவரி தொடக்கம், ஒரு சனிக்கிழமை நள்ளிரவு. அதே மேவரிக்ஸ் அணி தன்னுடைய 25 வயது ஸ்டார் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு டிரேட் பண்ணிவிட்டது. அவர் கேட்கவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரியும். ரசிகர்கள் அந்த அரங்கத்துக்கு வெளியே கூடி எதிர்ப்பு தெரிவித்தார்கள்.

அந்த வாரம் நானும் வேலை மாறினேன். மூணாவது கம்பெனி. அப்பா போன்ல கேட்டார், “மறுபடியுமாடா? ஒரு இடத்துல நிலையா நிக்க மாட்டியா?” அப்பா ஒரே ஃபேக்டரியில 31 வருஷம் வேலை பார்த்தவர். அவரைப் பொறுத்தவரை நான்தான் விசுவாசம் இல்லாதவன். பதில் சொல்லத் தெரியாம போனை வெச்சுட்டேன். அதுக்கப்புறம்தான் இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன்: அந்தக் காலத்து ஸ்டார்கள் நிஜமாவே விசுவாசத்தாலதான் ஒரே டீம்ல இருந்தாங்களா?

எல்லாரும் முதலில் சொல்லும் பேர் பில் ரஸ்ஸல். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் 13 சீசன், 11 கோப்பை. அடுத்து ஜெர்ரி வெஸ்ட், லேக்கர்ஸில் 14 சீசன். கேட்கும்போது பொற்காலம் மாதிரிதான் தெரியும். ஆனா அன்றைய ஒப்பந்தம் என்ன சொன்னது என்று பாருங்கள். கல்லூரி முடித்த வீரரை டிராஃப்டில் ஒரு அணி தேர்ந்தெடுக்கும். லீக்கில் அவர் அந்த ஒரு அணியோடு மட்டும்தான் பேரம் பேச முடியும். ஒப்பந்தம் முடிந்தாலும், அதைப் புதுப்பிக்கும் உரிமை அணியின் கையில். அணி விடாத வரைக்கும் வேறு என்பிஏ அணி அவரைத் தொட முடியாது. மொத்தத்தில், ஒருமுறை கையெழுத்துப் போட்டால் ஆயுசுக்கும் அதே முதலாளி.

நம்ம ஊர்ல கேம்பஸ்ல வேலை வாங்கினவங்களுக்கு இது சட்டுனு புரியும். என் முதல் கம்பெனியில 2 வருஷ பாண்ட். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அந்த ரெண்டு வருஷமும் நான் ரொம்ப விசுவாசமான ஊழியன்!

இன்னொரு விஷயம், அந்தக் கட்டு ஒரு பக்கம்தான். வீரர் போக முடியாது, அணி அனுப்பலாம். ரஸ்ஸலையே டிராஃப்டில் எடுத்தது செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் அணி. ரெண்டு பேரைக் கொடுத்துத்தான் பாஸ்டன் அவரை வாங்கியது. அவரோட பெரிய போட்டியாளர் வில்ட் சேம்பர்லெயின் 1965ல் ஒருமுறை, 1968ல் ஒருமுறை டிரேட் ஆனார். உலகத்திலேயே பெரிய ஸ்டாருக்கு அந்த நிலைமை.

இது எப்படி மாறியது? 1964 ஜனவரி, பாஸ்டன். வெளியே பனிப்புயல். ஆல்-ஸ்டார் போட்டி, முதல்முறையாக டிவியில் நேரடி ஒளிபரப்பு. போட்டிக்குக் கொஞ்ச நேரம் முன்னால் வீரர்கள் டிரெஸ்ஸிங் ரூம் கதவை மூடிக்கொண்டு, பென்ஷன் திட்டத்துக்கு வாக்குறுதி தராமல் ஆட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ரஸ்ஸல், வெஸ்ட், எல்ஜின் பெய்லர், ஆஸ்கர் ராபர்ட்சன், எல்லாரும் உள்ளே. வெஸ்டையும் பெய்லரையும் லேக்கர்ஸ் முதலாளி ஆள் அனுப்பி மிரட்டினார். யாரும் அசையவில்லை. டிவிக்காரர்கள் காத்துக்கொண்டிருக்க, கமிஷனர் வாக்குக் கொடுத்தார். அதுக்கப்புறம்தான் ஆட்டம்.

அந்த அறையில் இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன்தான் இந்தக் கதையின் முக்கியமான ஆள். 1961-62 சீசன் முழுக்க பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் சராசரி 10க்கு மேல் வைத்திருந்த மனிதர். 1965ல் வீரர்கள் சங்கத் தலைவர் ஆனார். 1967ல் ஏபிஏ என்று ஒரு போட்டி லீக் வந்தது. சம்பளம் ஏறியது. ரிக் பேரி என்ற ஸ்டார் அங்கே தாவப் பார்த்தார். நீதிமன்ற உத்தரவால் ஒரு சீசன் முழுக்க விளையாடாமல் உட்கார வேண்டியதாயிற்று. பிறகு ரெண்டு லீக்கும் ஒன்றாக இணையப் பார்த்தன. இணைந்தால் வீரர்களுக்கு இருந்த ஒரே மாற்று வழியும் மூடிவிடும். 1970ல் ராபர்ட்சன் பெயரில் வழக்குப் போட்டார்கள். 14 அணி, அணிக்கு ஒருவராக 14 வீரர்கள்.

வழக்கு 6 வருஷம் இழுத்தது. 1976ல் சமரசம். ஆயுள் ஒப்பந்த முறை போனது. ஆனா ராபர்ட்சன் 1974லேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஜெயித்த உரிமையை அவர் ஒரு நாள் கூட அனுபவிக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு அவருடைய டிவி வர்ணனையாளர் வேலை ஒரே சீசனில் முடிந்தது. வழக்கில் தன் பெயர் இருந்ததுதான் காரணம் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1976லயே முழு சுதந்திரம் வந்துடல. முதலில், போகிற வீரருக்காகப் பழைய அணிக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்றார்கள். அப்புறம், புது அணி தருவதையே பழைய அணியும் தந்தால் வீரர் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். 1988ல்தான், 7 வருஷம் ஆடி ரெண்டு ஒப்பந்தம் முடித்தவர் எந்த நிபந்தனையும் இல்லாமல் போகலாம் என்று வந்தது. முதலில் அப்படிப் போனவர் டாம் சேம்பர்ஸ், சியாட்டிலில் இருந்து ஃபீனிக்ஸுக்கு. ரஸ்ஸல் ஓய்வு பெற்று 19 வருஷம் கழித்து!

அதனால என் கணக்கு இதுதான்: 1988க்கு முன்னாடி ஒரு ஸ்டார் ஒரே டீம்ல இருந்தார்னா, அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு அதை வெச்சு நாம சொல்ல முடியாது. பிடித்தும் இருந்திருக்கலாம். ஆனா கதவு பூட்டியிருக்கும்போது உள்ளே இருப்பவரைப் பார்த்து ‘ஆஹா, வீட்டு மேல எவ்வளவு பாசம்’ என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

கதவு திறந்த பிறகு இருந்தவர்களின் கதைதான் எனக்கு சுவாரசியம். டிம் டன்கன், சான் அன்டோனியோவில் 19 சீசன், 5 கோப்பை. ஆனா 2000ல் அவர் ஆர்லாண்டோவுக்குப் போயிருக்க வேண்டியவர். நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். சக வீரர் டேவிட் ராபின்சன் ஹவாய் விடுமுறையைப் பாதியில் விட்டு ஓடிவந்து பேசினார். கோபி பிரையன்ட், லேக்கர்ஸில் 20 சீசன். 2007ல் என்னை டிரேட் பண்ணுங்கள் என்று ரேடியோவில் வெளிப்படையாகக் கேட்டவர் அவர். அடுத்த வருஷம் பாவ் கசோல் வந்தார், 2009, 2010 கோப்பைகள் வந்தன, கோபியும் இருந்துவிட்டார். டர்க், 2014ல் வேறு அணிகள் அதிகபட்ச சம்பளத்தோடு காத்திருந்தபோது, 3 வருஷத்துக்கு 25 மில்லியன் டாலர் போதும் என்று டல்லாஸிலேயே கையெழுத்துப் போட்டார்.

மூன்று பேருக்கும் போக வழி இருந்தது. ரெண்டு பேர் கிளம்பும் அளவுக்கே வந்துவிட்டார்கள். யாராவது வந்து பேசியதாலோ, அணி சரியானதாலோ, பணம் அவ்வளவு முக்கியம் இல்லை என்று தோன்றியதாலோ இருந்தார்கள். அதைத்தான் நான் விசுவாசம் என்பேன்.

லீக்கும் சும்மா இல்லை, இருப்பவருக்கு ரூல் வழியாகவே பணம் வைத்தது. 1984-85ல் சம்பள உச்சவரம்பு வந்தபோது, சொந்த ஸ்டாரைத் தக்கவைக்க அதைத் தாண்டலாம் என்று ஒரு விலக்கு. லாரி பேர்ட் பெயரால் அது இன்றும் ‘பேர்ட் விலக்கு’. 2017ல் ‘சூப்பர்மேக்ஸ்’ வந்தது. விருதுகள் வாங்கிய ஸ்டாருக்கு அவருடைய சொந்த அணி மட்டும் தரக்கூடிய பெரிய சம்பளம். அந்த வருஷம் ஸ்டெஃப் கரி 5 வருஷத்துக்கு 201 மில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்டு கோல்டன் ஸ்டேட்டிலேயே இருந்தார்.

ஆனா பொதுவாக அணியை இருக்க வைக்க எந்த ரூலும் இல்லை. டிமார் டிரோசன் 2016ல் வேறு யாரையும் சந்திக்காமல் டொராண்டோவிலேயே ஒப்பந்தம் போட்டவர். 2018ல் அவரை சான் அன்டோனியோவுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வந்த கவாய் லெனர்டோடு டொராண்டோ 2019ல் கோப்பை ஜெயித்தது. ஜெயித்ததால் அந்த முடிவை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை. அதே காரணத்துக்காக வீரர் கிளம்பினால், 2010ல் கிளீவ்லாண்டில் லெப்ரான் ஜேம்ஸின் ஜெர்சியை எரித்த மாதிரி எரிக்கிறார்கள். லூகா? டிரேட் ஆனதால் அந்த சூப்பர்மேக்ஸ் தகுதியையே இழந்தார். லேக்கர்ஸுக்காக அவர் ஆடிய முதல் மேட்சைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் வந்து உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? டர்க். சிலையின் சொந்தக்காரர்.

இதையெல்லாம் படிச்சு முடிச்சுட்டு அப்பாவுக்குப் போன் பண்ணேன். ராபர்ட்சன் கதையைச் சொன்னேன், பொறுமையா கேட்டார். கடைசியில, “உங்களுக்கு வேற இடத்துல கூப்பிட்டிருந்தா போயிருப்பீங்களாப்பா?”ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார், “தெரியலடா. யாரும் கூப்பிடலையே.”

அவ்வளவுதான் இந்த வாரம். உங்க வீட்டுலயும் 30 வருஷம் ஒரே இடத்துல வேலை பார்த்தவங்க இருந்தா, இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.