மொட்டைமாடி யாருக்குச் சொந்தம்?

ஜனவரி மாதம், காலை ஆறு மணி, டெல்லி. குழாயைத் திறந்து விரலை நீட்டினால் போதும். 'பச்சைத் தண்ணீர்' என்பதற்கு நம் ஊரில் ஒரு அர்த்தம், இங்கே வேறு அர்த்தம் என்று புரிந்துவிடும். பிழைப்புக்காக இங்கே வந்த நம்மவர்கள் முதல் குளிர்காலத்தில் வாங்கிய முதல் சாமான் அநேகமாக அந்த வெந்நீர் ராடுதான். வாளியில் தொங்கவிட்டுவிட்டு, "யாரும் கை வச்சுடாதீங்கோ" என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டிருக்க வேண்டும்.

நான் வந்து இறங்கியது 1994 குளிர்காலத்தில், சரோஜினி நகரில் சித்தப்பாவின் குவார்ட்டர்ஸில். மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய பழைய வினய் நகரின் ஒரு பகுதிதான் பிறகு சரோஜினி நாயுடு பெயரைப் பெற்றது. மார்க்கெட்டும் பிள்ளையார் கோயிலும் பக்கத்திலேயே. லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்தே போய்விடுவார்கள். எங்கள் பிளாக்கில் எட்டு வீடு, பொதுவாக ஒரு மொட்டைமாடி. கோடையில் அங்கே சித்தி வடாம் பிழிவாள், பக்கத்து பஞ்சாபி அம்மாள் ஊறுகாய் ஜாடிகளை வரிசையாக வைப்பாள். வெயில் எல்லோருக்கும் பொது.

சித்தப்பாவுக்கு அந்த வெயிலின் மேல் ஒரு கண். எட்டு வீடும் பணம் போட்டு மாடியில் சோலார் ஹீட்டர் வைத்தால் என்ன? காகிதத்தில் கணக்கு எழுதிக் காட்டுவார். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு 15 லிட்டர் வாளி. மொத்தம் 480, போகட்டும், 500 லிட்டர். 100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் தகடு என்பது கணக்கு. ஆக 10 சதுர மீட்டர், சித்தி வடாம் காயப்போடும் இடம்தான்! 15 டிகிரித் தண்ணீரை 55 டிகிரிக்கு ஏற்ற 100 லிட்டருக்குச் சுமார் நாலரை யூனிட் கரண்ட் வேண்டும். 500 லிட்டருக்கு ஒரு நாளைக்கு 23 யூனிட். அவ்வளவும் சூரியன் இனாமாகத் தருவது.

கணக்கில் தப்பில்லை. ஆனால் திட்டம் நடக்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், சூரிய வெந்நீர் எங்கெல்லாம் பிழைத்தது, எங்கெல்லாம் செத்தது என்று பார்த்துவிடுவோம். அந்தக் கதையிலேயே பாதி பதில் இருக்கிறது.

இது ஒன்றும் நேற்றைய யோசனை இல்லை. 1891-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் தண்ணீர்த் தொட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து காப்புரிமை வாங்கினார். 1897 வாக்கில் கலிஃபோர்னியாவின் பாசடேனா ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில் சூரிய வெந்நீர். ஆனால் ராத்திரி ஆனால் தொட்டி ஆறிவிடும். 1909-ல் வில்லியம் பெய்லி தொட்டியைத் தகட்டிலிருந்து பிரித்து, மேலே தூக்கி வைத்து, சூடு போகாமல் போர்த்திவிட்டார். சூடான தண்ணீர் இலேசு, தானாக மேலே ஏறும். குளிர்ந்தது கனம், கீழே இறங்கும். மோட்டாரே வேண்டாம். இன்றைக்கும் நம் வீடுகளில் இருப்பது அடிப்படையில் இதேதான். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரம் 1920களில் அங்கே மலிவான இயற்கை வாயு கிடைத்ததும் படுத்துவிட்டது. சூரியன் எங்கேயும் போகவில்லை, விறகு மலிவானால் வெயிலைச் சீந்துவாரில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கம் வருவோம். 1950-ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் யார் தெரியுமா? வத்திராயிருப்பில் பிறந்த நம் கே.எஸ். கிருஷ்ணன். ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டவர், தமிழிலேயே அறிவியல் எழுதியவர். அவர் காலத்தில்தான் அந்த ஆய்வுக்கூடம் வெயிலில் சமைக்கும் அடுப்பைச் செய்து காட்டியது. உலகமே திரும்பிப் பார்த்தது, நம் வீட்டு அடுப்படி மட்டும் திரும்பவில்லை. வெயிலில் நின்று, சூரியனுக்குத் தக்கபடி கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே சமைக்க எந்த அம்மா ஒத்துக்கொள்வாள்? ஆபீஸ் போகிற வீட்டில் காலை எட்டு மணிக்கு டப்பா கட்டியாக வேண்டுமே!

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கதை மாறியது. இஸ்ரேல் 1980-ல் சட்டமே போட்டது: புதிதாகக் கட்டும் வீடு என்றால் சூரிய வெந்நீர் இருந்தே ஆகவேண்டும். மிக உயரமான கட்டடங்களுக்கு மட்டும் விலக்கு. (இந்த விலக்கை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.)

ஆஸ்திரியாவில் வேறு வழி. ஸ்டைரியா மாநிலத்துக் கிராமங்களில் 1980களின் தொடக்கத்தில் விவசாயிகளும் தொழிலாளிகளும் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். செம்புக் குழாயை மொத்தமாக வாங்குவது, கருவிகளைப் பொதுவில் வைப்பது, எல்லோருக்குமான தகடுகளை எல்லோரும் சேர்ந்து செய்து அவரவர் கூரையில் ஏற்றுவது. கம்பெனியும் இல்லை, சட்டமும் இல்லை. குழுக்கள் பெருகி, 1988-ல் கிளைஸ்டார்ஃப் என்ற சிற்றூரில் இதற்கென்று ஒரு சங்கமே வந்துவிட்டது. பனி கொட்டுகிற அந்த நாடு சூரிய வெந்நீரில் உலகத்தின் முன்வரிசைக்கு வந்ததற்கு இந்தக் குழுக்களே ஒரு பெரிய காரணம்.

இந்தியாவில் 1982-ல் மரபுசாரா எரிசக்திக்குத் தனித்துறை, 1992-ல் தனி அமைச்சகம். பெங்களூரில் வீடு கட்டினால் சோலார் ஹீட்டர் வைத்தால்தான் மின் இணைப்பு என்று 2007-ல் விதி வந்தது. கரண்ட் பில்லிலும் மாதம் 50 ரூபாய் வரை தள்ளுபடி கொடுத்தார்கள். அந்த ஊர் மொட்டைமாடிகளைப் பார்த்தாலே தெரியும், வரிசையாகத் தொட்டிகள். டெல்லியிலும் 2006 செப்டம்பரில் ஆணை வந்தது. ஆனால் குடியிருப்புகளைப் பொறுத்தவரை அது பிடித்தது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளை. அதாவது பங்களாக்காரர்களை. 2010-ல் தொடங்கிய தேசிய சூரிய இயக்கம் 2022-க்குள் 2 கோடி சதுர மீட்டர் தகடு என்று இலக்கு வைத்து, 30 சதவீத மானியமும் தந்தது. ஹீட்டருக்கான அந்த மானியம் 2014-ல் நின்றுபோனது.

ஒன்றைக் கவனித்தீர்களா? வெயில் எல்லா ஊரிலும் இருந்தது. தொழில்நுட்பம் நூறு வருஷமாக இருந்தது. இது நிலைத்த இடங்களில் எல்லாம் இரண்டில் ஒன்று இருந்திருக்கிறது: ஒன்று, சொந்தக் கூரை, இல்லையென்றால், கூரையைப் பற்றி ஒரு உடன்பாடு. வாடகைக்காரனும் குவார்ட்டர்ஸ்காரனும் ஃபிளாட்காரனும் இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றார்கள்.

இப்போது சித்தப்பா கதைக்கு வருகிறேன். எட்டு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி காபி கொடுத்தார். கீழ்வீட்டுக்காரர், "குழாய் நீளம், எனக்கு வருவதற்குள் ஆறிப்போகும்" என்றார், நியாயம்தான். ஆனால் திட்டத்தைக் கொன்றது அது இல்லை. திருச்சிக்காரர் ஒருவர், "சார், ரெண்டு வருஷத்துல ரிடையர் ஆகி ஊருக்குப் போயிடுவேன், எனக்கெதுக்கு பங்கு?" என்றார். உடனே கேரளத்துக்காரரும் அதையே சொன்னார். பஞ்சாபிக்காரர் டிரான்ஸ்ஃபரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் சித்தப்பாவைத் தவிர அத்தனை பேரும் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தத் திருச்சிக்காரர் ரிடையர் ஆனபின் டெல்லியிலேயே மகன் வீட்டில் தங்கிவிட்டார். பதினைந்து வருஷம் வாளியில் ராடு.

அவரைச் சொல்லி என்ன? நானும் முப்பது வருஷமாக "அடுத்த வருஷம் ஊருக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போகப்போகிறவன் கூரையில் காசு போடமாட்டான். அசோசியேஷன் கூட்டத்துக்கும் போகமாட்டான்.

சித்தப்பாவின் பிளாக் இப்போது இல்லை. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு காலனிகளை இடித்துக் கட்ட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2018-ல் மரம் வெட்டுவதை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்ததும், உயர் நீதிமன்றம் தடை போட்டதும் நினைவிருக்கும். எட்டு வீட்டுக்கு ஒரு மாடி என்ற காலம் போய், இப்போது அடுக்குமாடிகள். அங்கே 14 மாடி, மாடிக்கு நாலு வீடு என்று வைத்துக்கொண்டால் ஒரே கூரைக்கு 56 பங்காளி! உச்சியிலிருந்து தரைத்தளம் வரை வெந்நீரை சூடு ஆறாமல் இறக்குவதும் லேசில்லை. இஸ்ரேல் உயரமான கட்டடத்துக்கு விலக்கு கொடுத்தது சும்மா இல்லை.

ஆனால் வெந்நீர் தூரம் போகாது, மின்சாரம் போகும். கீழ்வீட்டுக்காரரின் கேள்விக்கு இதில்தான் பதில். டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த வழிமுறையில் பல வீடுகள் சேர்ந்து ஏதோ ஒரு கூரையில் சோலார் தகடு போட்டு, விளைகிற யூனிட்டை அவரவர் பில்லில் பங்குப்படி கழித்துக்கொள்ளலாம். தகடு உங்கள் தலைக்கு மேலேயே இருக்கவேண்டும் என்பதில்லை. டெல்லி அரசின் 2023 சோலார் கொள்கையும் சொந்தக் கூரை இல்லாதவர்களுக்கான கூட்டு சோலாரைப் பேசுகிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோகத்துக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் வைத்தார்கள். சேருவதற்கு முன் யாருக்கு எத்தனை பங்கு, பழுது பார்ப்பது யார், வீட்டை விற்றால் பங்கு யாருக்கு என்ற மூன்றையும் எழுத்தில் வைத்துவிடுங்கள்.

சித்தப்பா 2011-ல் போய்ச் சேர்ந்தார். சாமான்களை ஒழித்தபோது அந்தக் கணக்குக் காகிதம் கிடைத்தது. எட்டுப் பெயர், எட்டுப் பங்கு. எட்டாவது கட்டத்தில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் 'கொடுத்தாச்சு' என்று டிக் போட்டிருந்தார்.

போன மாதம் எங்கள் சொசைட்டியில் சோலாருக்குக் கூட்டம் போட்டார்கள். "ஊருக்குப் போகப்போறோமே, நமக்கெதுக்கு?" என்றாள் வீட்டுக்காரி. போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.