செடி வடிவ மெழுகுவர்த்தி: வீட்டிலேயே செய்வது எப்படி? காய்ந்த பூ சேர்த்தால் என்ன ஆபத்து?

குட்டியாக ஒரு பச்சைக் கள்ளிச்செடி. கிட்டப் போய்ப் பார்த்தால் உச்சியில் திரி! இப்படிச் செடி வடிவில் இருக்கும் மெழுகுவர்த்திகளை வீட்டிலேயே செய்யலாம். ஆனால், அழகுக்காகப் பலர் மெழுகுக்குள் நிஜமான காய்ந்த பூ, இலைகளையும் சேர்த்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது.

காய்ந்த பூ வைத்தால் என்ன ஆகும்?

மெழுகுவர்த்தியில் எரிவது திரி மட்டும் இல்லை. உருகிய மெழுகு திரி வழியாக மேலே ஏறி, ஆவியாகி எரிகிறது. அணைத்தவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே மறுபடி பற்றிக்கொள்ளும். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் உரைகளில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இதைச் செய்து காட்டினார்.

திரி செய்யும் அதே வேலையைக் காய்ந்த இதழும் செய்யும். மெழுகை உறிஞ்சி அதுவும் ஒரு திரியாகிவிடும். ஒரு சுடர் எரிய வேண்டிய இடத்தில் மூன்று, நான்கு எரியும். சூடு அதிகமானால் கண்ணாடி டம்ளர் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. பட்டை, காபிக்கொட்டை சேர்த்தாலும் இதே ஆபத்துதான். அதனால், செடியையே மெழுகில் செய்வதுதான் நல்லது.

என்னென்ன தேவை?

• பாரஃபின் மெழுகு (சோயா மெழுகு பெரும்பாலும் மென்மையானது, கிளாஸில் ஊற்றத்தான் ஏற்றது)
• கள்ளிச்செடி வடிவ சிலிக்கான் அச்சு
• பருத்தித் திரி
• மெழுகுக்கென்றே விற்கும் பச்சை நிறம்
• ஒன்றுக்குள் ஒன்று வைக்க இரண்டு பாத்திரங்கள், தெர்மாமீட்டர்

கேக்குக்குப் போடும் தண்ணீர் கலந்த ஃபுட் கலர் மெழுகில் கலக்காது. கிரேயான் போட்டால் திரி அடைத்துக்கொள்ளும்.

மெழுகு எவ்வளவு வேண்டும்? அச்சில் தண்ணீர் நிரப்பி அளந்து பாருங்க. 100 மி.லி. பிடித்தால் சுமார் 90 கிராம் மெழுகு போதும். பிறகு அச்சை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்க.

செய்முறை

1. அச்சின் அடித்துளை வழியாகத் திரியைக் கோத்து, மேலே ஒரு குச்சியில் கட்டி நடுவில் நிறுத்துங்க. அச்சின் அடிப்பக்கம்தான் செடியின் உச்சி.

2. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை வைத்து, அடுப்பைச் சிம்மில் வைத்து உருக்குங்க. நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்பதால், மெழுகு பற்றிக்கொள்ளும் சூட்டுக்குப் போகாது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கணும்.

3. மெழுகு 80 டிகிரி வாக்கில் வந்ததும் அடுப்பை அணைத்து, நிறம் கலந்து, மெதுவாக அச்சில் ஊற்றுங்க. கொஞ்சம் மெழுகை மீதம் வையுங்க.

4. ஆறும்போது மெழுகு சுருங்கி, திரியைச் சுற்றிக் குழி விழும். மீதி மெழுகை உருக்கி அதில் நிரப்புங்க.

5. சில மணி நேரம் தானாக ஆறட்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் விரிசல் விடலாம்.

6. அச்சைப் பிரித்தபின், பல்குச்சியால் வெள்ளை மெழுகைப் புள்ளி புள்ளியாக வைத்தால் முள் ரெடி!

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டுங்க. கீழே கட்டாயம் தட்டு வைக்கணும். மண் தொட்டியில் வைப்பதாக இருந்தால், அடியில் உள்ள ஓட்டையை அடைத்துவிடுங்க. சுற்றிலும் கூழாங்கல் போடலாம். தேங்காய் நார், மரத்தூள் வேண்டாம். திரைச்சீலை, மின்விசிறி பக்கத்தில் வைக்காதீங்க. ஆள் இல்லாத அறையில் எரிய விடாதீங்க.

தீப்பிடித்தால்?

பதற்றத்தில் தண்ணீரை ஊற்றிவிடாதீங்க! எரியும் மெழுகுக்கு அடியில் போகும் தண்ணீர் சட்டென ஆவியாகி, தீயோடு மெழுகை நாலாபக்கமும் தெறிக்க விடும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தட்டால் மூடுங்க. ஆறும் வரை திறக்கவோ நகர்த்தவோ கூடாது.

கையில் சூடான மெழுகு பட்டால், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்க. ஒட்டிய மெழுகைப் பிய்க்கக் கூடாது. டூத்பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரைப் பாருங்க.

நிஜப் பூதான் வேணுமா?

அதற்கும் வழி இருக்கு. அகலமான கண்ணாடி ஜாடியின் வெளிப்பக்கத்தில் காய்ந்த இதழ்களை ஒட்டி, உள்ளே பேட்டரி விளக்கு வையுங்க. இதழ் வழியாக வெளிச்சம் கசியும்போது அழகுக்குக் குறைவே இருக்காது. தீ பற்றும் பயமும் இல்லை.