வாடகை மீட்டரின் துல்லியம்: சக்கரம் முதல் செயற்கைக்கோள் வரை

வாடகை வண்டியின் மீட்டர் நூறாண்டுக்கும் மேலாகச் சக்கரத்தையே நம்பியிருந்தது. 1891இல் ஜெர்மானியரான புரூன் உருவாக்கிய கருவியும், 1897இல் ஷ்டுட்கார்ட்டில் ஓடத் தொடங்கிய டைம்லர் டாக்சியின் மீட்டரும், பின்னர் வந்த மின்னணு மீட்டர்களும் சக்கரச் சுழற்சியை எண்ணியே கட்டணம் காட்டின. இம்முறையிலும் பிழை உண்டு. 30 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் டயர் 6 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 2 விழுக்காடு குறையும். அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுழலும், பயணியும் கூடுதலாகக் கொடுப்பார். ஆனால் இது ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே அளவில் நிகழும் பிழை. அளந்து குறித்த சாலையில் வண்டியை ஓட்டினால் வெளிப்பட்டுவிடும், திருத்தி முத்திரையிடலாம். சென்னையில் 'மீட்டருக்குச் சூடு வைப்பது' என்று சொல்லப்பட்ட, மீட்டரை வேகமாக ஓடவைக்கும் மோசடியும் இதே சோதனையில் அகப்படக்கூடியதே. அமெரிக்கத் தர நிறுவனத்தின் 44ஆம் கையேடு, டாக்சி மீட்டர் தூரத்தைக் கூட்டிக் காட்ட 1 விழுக்காடும் குறைத்துக் காட்ட 4 விழுக்காடும் அனுமதிக்கிறது. பயணியின் பக்கம் வேண்டுமென்றே சாய்ந்த இவ்விதி, பிழையைச் சோதித்தறிய முடிந்ததால்தான் சாத்தியமாயிற்று. செயற்கைக்கோள் மீட்டர் பறித்துக்கொண்டது இந்தச் சோதனை வாய்ப்பையே என்பது என் வாதம்.

2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. அந்தத் தடை நீங்கியதும் நூறு மீட்டர் வரை தடுமாறிய இருப்பிடக் கணிப்பு சில மீட்டர்களுக்குள் வந்தது. கைபேசி வழி டாக்சிச் சேவைகளுக்கு அதுவே அடித்தளம். 10 கி.மீ. பயணத்தில் ஐந்து மீட்டர் பிழை ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். ஆனால் ஜிபிஎஸ் நேரடியாகத் தருவது இருப்பிடத்தையே, தூரத்தை அல்ல; தூரமோ பொதுவாக அடுத்தடுத்த புள்ளிகளை இணைத்துக் கூட்டிப் பெறப்படுவது. புள்ளிகளுக்கிடையே இடைவெளி மிகுந்தால் வளைவுகள் வெட்டுப்பட்டுத் தூரம் சுருங்கும். இடைவெளி குறைந்தாலோ ஒவ்வொரு புள்ளியின் தள்ளாட்டமும் கணக்கில் சேர்ந்து தூரம் நீளும். ஜிபிஎஸ் வழி அளந்த தூரம் உண்மையைவிடக் கூடுதலாக வரும் போக்கை ஆய்வாளர் ரானாகரும் அவருடைய குழுவினரும் 2016இல் கணித வழியில் விளக்கினர். மேம்பாலத்தடியிலும் உயர்ந்த கட்டடங்களுக்கிடையிலும் சமிக்ஞை எதிரொலித்து வரும்போது இத்தள்ளாட்டம் பெருகும். இதைச் சீராக்கவே மென்பொருள் சில புள்ளிகளைக் கழிக்கிறது, சிலவற்றைச் சாலை வரைபடத்தோடு ஒட்டவைக்கிறது. எதைக் கழிப்பது, எதை ஒட்டுவது என்பது நிறுவனத்தின் முடிவு. அதற்கு முத்திரை கிடையாது.

சட்டம் இந்த மாற்றத்தைத் தயங்கித் தயங்கியே எதிர்கொண்டது. 2015 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம், ஊபர் ஓட்டுநரின் கைபேசி டாக்சி மீட்டர் ஆகாது என்று தீர்ப்பளித்தது. கட்டணக் கணக்கு நடப்பது வண்டிக்கு வெளியேயுள்ள சர்வரில் என்பது அதன் அடிப்படை. லண்டனின் தனியார் வாடகை வண்டிகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களுக்கு அது பொருந்தும். அளவையைச் சோதிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அதில் எழவே இல்லை. கலிஃபோர்னியாவில் அந்தக் கேள்வி எழுந்தது. மாநில அளவைத் துறையின் ஒப்புதலின்றிக் கட்டணம் கணக்கிட்டது ஊபர் மீதான வழக்கின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2016இல் அந்நிறுவனம் 1 கோடி டாலர் செலுத்தி, ஒப்புதல் பெறவும் இசைந்து உடன்பாட்டுக்கு வந்தது. பின்னர் 44ஆம் கையேட்டிலேயே இத்தகைய சேவைகளுக்குத் தனிப் பிரிவு சேர்ந்தது.

தமிழ்நாட்டில் 2013இல் ஆட்டோக் கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதன்பின் கி.மீ.க்கு 12 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. ஜிபிஎஸ் இணைந்த, ரசீது அச்சிடும் மீட்டர்களை இலவசமாகத் தரும் அறிவிப்பும் அப்போது வந்தது. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. அந்த விகிதத்தில் 10 கி.மீ. பயணத்துக்கு 5 விழுக்காட்டுப் பிழை ஆறு ரூபாய்தான். சிறு தொகை என்பதாலேயே எந்தப் பயணியும் புகார் செய்யமாட்டார். ரேஷன் கடைத் தராசை அரசு முத்திரையிடுவதும் இதே காரணத்தால்தான். தூரம் குறைந்து பதிவானால் இழப்பு ஓட்டுநருக்கு, அதுவும் நாள் முழுக்கச் சவாரிக்குச் சவாரி. கைபேசிச் செயலி கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் பிரச்சினை தீர்ந்தது என்பதும் பொருந்தாது. அந்தத் தொகைக்கும் வரைபடத் தூரமே ஆதாரம். வழி மாறினால் கணக்கு மீண்டும் இருப்பிடப் புள்ளிகளுக்கே திரும்புகிறது. ஆகவே மேம்பாலம், குறுகிய திருப்பம், நெரிசல் மூன்றும் உள்ள அளந்த பாதையில் செயலியின் இறுதித் தூரத்தை முத்திரை ஆய்வாளர் சோதிக்க வேண்டும், மென்பொருள் மாறும்போதெல்லாம் அச்சோதனை மீண்டும் நடக்க வேண்டும். ரசீதில் தூரமும் விகிதமும் தனித்தனியே அச்சாவதும் சட்டத்தின் கட்டாயமாக வேண்டும்.