இடப்பக்கத்துப் பட்டியல்

ஓர் இணைய இதழைத் திறந்தால் இடப்பக்கத்திலோ உச்சியிலோ ஒரு பட்டியல் நிற்கிறது: முகப்பு, சிறுகதை, கவிதை, கட்டுரை, பழைய இதழ்கள், தொடர்புக்கு. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதுவும் கூடவே வருகிறது. அச்சிதழில் பொருளடக்கம் ஒரே இடத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு பக்க ஓரத்திலும் அதை மறுபடி அச்சிடும் பதிப்பாளரை நாங்கள் கண்டதில்லை. இணையத்திலோ அதுவே வழக்கம். அந்தப் பட்டியலை எழுதுவது யார் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

பொருளடக்கத்துக்கு நீண்ட வயதுண்டு. கி.பி. 77ஆம் ஆண்டளவில் ரோமானியரான மூத்த பிளினி தமது 'இயற்கை வரலாறு' நூலின் 37 புத்தகங்களில் முதலாவதை ஏறக்குறைய முழுவதுமே பொருளடக்கமாக அமைத்தார். முழுநூலையும் வாசிக்க நேரமற்றவர் தமக்கு வேண்டியதைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். அவர் அதை ஒருமுறை எழுதினால் போதுமானதாக இருந்தது.

வலையின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பு. பட்டியலை ஒருமுறை எழுதி, வெட்டி, எல்லாக் கோப்புகளிலும் ஒட்டுவார்கள். பத்துப் பக்கம் உள்ளவரை இது விளையாட்டு. நாங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சிறு இலக்கியப் பக்கத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட கோப்புகள் சேர்ந்தபின்தான் 'மொழிபெயர்ப்பு' என்றொரு பகுதி தொடங்க ஆசைப்பட்டோம். ஒற்றை வரியைச் சேர்க்க ஓர் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மறந்துபோன நான்கைந்து பக்கங்களில் பழைய பட்டியலே நெடுநாள் நின்றது.

இந்தத் தொல்லைக்குப் பரவலாக எடுத்தாளப்பட்ட மருந்துகளுள் ஒன்று சட்டகம். 1996இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 உலாவி, ஒரே சாளரத்தைப் பல கட்டங்களாகப் பிரிக்க இடங்கொடுத்தது. இடப்பக்கக் கட்டத்தில் பட்டியல் அசையாமல் நிற்கும். வலப்பக்கத்தில் கதைகள் மாறிக்கொண்டிருக்கும். பட்டியல் ஒரே கோப்பு, திருத்தமும் ஒரே இடத்தில். ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே யாக்கோப் நீல்சன் சட்டகங்களைக் கடிந்து எழுதினார். எந்தக் கதையைப் படித்தாலும் முகவரிப்பட்டையில் முகப்பின் முகவரியே தெரிந்ததால், பிடித்த கதையைக் குறித்துவைத்துக்கொள்ள வழியில்லை. தேடுபொறி வழியாக வந்தவருக்கோ கதை மட்டும் தனியே திறக்கும். பட்டியல் இராது, இதழின் பெயர்கூடத் தெரியாது. மேலட்டை கிழிந்த பழம்புத்தகத்தை நடைபாதைக் கடையில் எடுத்தவரின் நிலைதான் அவருக்கும். பின்னாளில் எச்.டி.எம்.எல். 5 சட்டகங்களை அடியோடு கைவிட்டது.

இரண்டாவது மருந்து ஓசையில்லாமல் வேலை செய்தது. பக்கத்தில் பட்டியலுக்குப் பதிலாக, 'இவ்விடத்தில் அந்தக் கோப்பைக் கொண்டுவந்து வை' என்று ஒரு வரிக் கட்டளை. வாசகர் கேட்கும் கணத்தில் வழங்கி அதை நிறைவேற்றி, முழுப்பக்கமாக்கி அனுப்பும். என்.சி.எஸ்.ஏ. வழங்கியிலும் பின்னர் அப்பாச்சியிலும் இந்த வசதி இருந்தது. 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் சொந்தப் பக்கத்துக்காக எழுதி வெளியிட்ட பி.எச்.பி. இதையே பெருவழக்காக்கியது. தமிழில் இதற்கொரு தனிச்சிக்கல் இருந்ததை நினைவுகூர வேண்டும். பட்டியல் கோப்பு டிஸ்கியிலும் கட்டுரை ஒருங்குறியிலும் சேமிக்கப்பட்டிருந்தால், இரண்டையும் ஒட்டிய பக்கத்தில் ஒருபாதி கிறுக்கலாகத் தெரியும். எங்கள் முதல் பட்டியல் அப்படித்தான் தெரிந்தது. வாசகர் ஒருவர் அது புதுக்கவிதையா என்று கேட்டு எழுதினார்.

அடுத்தது, உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்களின் காலம். 2001 அக்டோபரில் பென் டிராட், மேனா டிராட் தம்பதியர் வெளியிட்ட மூவபிள் டைப், அச்சுக்கூடத்திலிருந்து பெயரை எடுத்தது போலவே வேலைமுறையையும் எடுத்துக்கொண்டது எனலாம். வார்ப்புருவில் ஒரு சொல்லை மாற்றினால் எல்லாப் பக்கங்களையும் மறுபடி கட்டி அடுக்க வேண்டும். பதிவுகள் பெருகப் பெருக, பட்டியலில் ஒரு வரி கூட்டுவதற்கு நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. சலித்தவர்கள் பட்டியலை மட்டும் பிரித்தெடுத்து, பழைய ஒற்றைவரிக் கட்டளையால் ஒட்டிக்கொண்டார்கள்.

2003இல் மேட் மல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் தொடங்கிய வேர்ட்பிரஸ் எதிர்வழியில் நடந்தது. அங்கே பக்கம் என்று முன்கூட்டிச் செய்துவைத்தது எதுவுமில்லை. வாசகர் கேட்கும்போதெல்லாம் தரவுத்தளத்தைக் கேட்டு, பட்டியல் உட்பட யாவும் அப்போதே தொகுக்கப்படும். 2005 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பு, நிலையான பக்கங்களையும் அவற்றைத் தாமே வரிசையிட்டுக் காட்டும் கட்டளையையும் தந்தது. புதுப்பக்கம் எழுதினால் பட்டியலில் அதன் பெயர் தானே ஏறிவிடும். மனிதக்கை நீங்கியது.

நீங்கியதன் விலையை நாங்கள் அறிவோம். பழைய கோப்புகளை இப்படியொரு மென்பொருளுக்குள் ஏற்றியபோது, மொழிபெயர்ப்புக் கதைகளுக்கு வகை குறிக்க மறந்துவிட்டோம். கதைகள் தரவுத்தளத்தில் பத்திரமாக இருந்தன. ஆனால் கதைகளற்ற வகையைப் பட்டியலில் காட்டாதிருப்பது அந்த மென்பொருளின் இயல்பு. 'மொழிபெயர்ப்பு' என்ற வரி சத்தமின்றி மறைந்தது. ஏழு மாதம் கழித்து, அக்கதைகளில் பெரும்பாலானவற்றைத் தமிழாக்கிய முதியவரிடமிருந்து இரண்டு வரி மடல்: "என் கதைகளை எடுத்துவிட்டீர்கள் போலும். காரணம் சொல்லியிருக்கலாம்." நாங்கள் எடுக்கவில்லை, ஆனால் எடுத்ததற்கும் இதற்கும் அவர் கண்ணில் என்ன வேறுபாடு? கையால் ஒட்டிய காலத்தில் ஒரு பகுதியை நீக்க யாராவது ஒருவர் அமர்ந்து அறுபது முறை அழிக்க வேண்டியிருந்தது. இங்கே ஒருவரும் அழிக்கவில்லை, அதனாலேயே ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. இம்முறையில் 2006இல் எழுதிய கட்டுரையை இன்று திறந்தாலும் பக்கத்தில் நிற்பது இன்றைய பட்டியல்தான். அன்று இதழ் எவ்வெவற்றைத் தன் வாயிலில் வைத்திருந்தது என்பதை அப்பக்கம் சொல்லாது. இணைய ஆவணக்காப்பகத்தில் எங்கள் பழைய பக்கம் ஒன்று அகப்பட்டபோது, கதையைவிட அந்த இடப்பக்கத்து வரிசையைத்தான் நெடுநேரம் பார்த்திருந்தோம். நாங்கள் மறந்தே போயிருந்த 'வாசகர் கடிதம்' அதில் மூன்றாவதாக இருந்தது.

முழுத் தானியக்கம் போதவில்லை என்பதை மென்பொருள் எழுதியவர்களும் உணர்ந்திருக்க வேண்டும். துரூபல், 2008இல் வந்த ஆறாம் பதிப்பில், பக்கங்களுக்கான பாதைகளையும் பட்டியல் வரிகளையும் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்தது. வேர்ட்பிரஸ் 2010 ஜூனில் வந்த 3.0 பதிப்பில், பட்டியலை மனிதரே தேர்ந்து, இழுத்து, வரிசைப்படுத்தும் வசதியைத் தந்தது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் கட்டுரைகள் உறையும் அதே அட்டவணையில், ஒரு சிறு பதிவாகவே சேமிக்கப்படுகிறது. இதை அறிந்தபோது எங்களுக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது.

முதியவருக்கு அன்றே மன்னிப்புக் கேட்டு எழுதினோம். வகை குறித்து, கதைகளைப் பட்டியலுக்குக் கொண்டுவந்து, சுட்டியையும் அனுப்பினோம். பதிலுக்கு அவர் இன்னொரு கதையின் மொழிபெயர்ப்பை அனுப்பியிருந்தார், மடல் ஏதும் இல்லாமல்.