'மாரடைப்பு ஆபத்து 44% குறையும்'னா உண்மையில் எத்தனை பேருக்குப் பலன்? சதவீதக் கணக்கின் முழு விவரம்

'இந்த மாத்திரை போட்டா மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறையும்', 'இதைச் சாப்பிட்டா புற்றுநோய் வாய்ப்பு 18% கூடும்' என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஏதாவது ஒரு தகவல் வந்து விழுகிறது. படித்ததும் பயம் வரும், இல்லாவிட்டால் உடனே மெடிக்கலுக்கு ஓடத் தோன்றும். ஆனால் அந்தச் சதவீதத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு என்ன?

44% எங்கிருந்து வந்தது?

1980-களில் அமெரிக்காவில் சுமார் 22 ஆயிரம் ஆண் டாக்டர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. சுமார் 5 ஆண்டுகளில் ஆஸ்பிரின் போட்டவர்களில் 139 பேருக்கும், டம்மி மாத்திரை போட்டவர்களில் 239 பேருக்கும் மாரடைப்பு வந்தது. வயது உள்ளிட்டவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 44% குறைவு.

இதையே ஆயிரம் பேர் கணக்கில் பார்ப்போம். மாத்திரை போடாவிட்டால் 1,000 பேரில் 22 பேருக்கு மாரடைப்பு. போட்டால் 13 பேருக்கு. 5 வருஷம் மாத்திரை போட்டதால் தப்பித்தது 9 பேர். மற்ற 991 பேருக்கு மாரடைப்பு விஷயத்தில் எந்த மாற்றமும் இல்லை. இதய, ரத்தநாள நோய்களால் இறந்தவர்களின் எண்ணிக்கையும் இரண்டு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பக்கவிளைவு எவ்வளவு?

2018-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆஸ்திரேலியா, அமெரிக்காவைச் சேர்ந்த ஆரோக்கியமான முதியவர்கள் 19 ஆயிரம் பேர் கலந்துகொண்டனர். தினமும் ஆஸ்பிரின் போட்டும் இதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் பெரிய அளவிலான ரத்தக்கசிவு 1,000 பேரில் 28-லிருந்து 38 ஆகக் கூடியது. இதய நோய் இல்லாத 60 வயது கடந்தவர்கள் தடுப்புக்காக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என 2022-ல் அமெரிக்க நிபுணர் குழு பரிந்துரைத்தது.

முக்கியக் குறிப்பு: ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் பலன் அதிகம். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

அப்போ எதில்தான் பெரிய லாபம்?

புகைப்பழக்கத்தை விடுவதில். பிரிட்டன் ஆண் டாக்டர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே இறந்தனர். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்த 10 ஆண்டுகளும் ஏறக்குறைய முழுசாகத் திரும்பக் கிடைத்தன. 40-ல் விட்டால் 9, 50-ல் விட்டால் 6, 60-ல் விட்டால்கூட 3 ஆண்டுகள் லாபம்.

புற்றுநோய் 18% கூடும் என்பது?

2015-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது இது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18% கூடும். வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 6 ஆகும். 100 பேரில் 18 பேருக்குப் புதிதாக வரும் என்று அர்த்தமில்லை.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* இது இல்லாவிட்டால் என்னைப் போன்ற 1,000 பேரில் எத்தனை பேருக்கு நோய் வரும்?
* இதை எடுத்தால் எத்தனை பேருக்கு வரும்?
* எத்தனை வருஷக் கணக்கு இது?
* பக்கவிளைவு 1,000 பேரில் எத்தனை பேருக்கு?

அடுத்த முறை சதவீதம் மட்டும் போட்ட மெசேஜ் வந்தால், ஃபார்வர்ட் செய்வதற்கு முன் 'எத்தனை பேரில் எத்தனை பேர்?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.